ஏற்றம் நின்றது, பாட்டும் நின்றது. கூத்து ஏன் நிற்கவில்லை?

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் சென்னையிலிருந்து போன் செய்தார். மென்பொருள் நிறுவனத்தில் பதினாறு வருட அனுபவம் உள்ளவர். "சார், நான் பண்ற வேலையில பாதிய இப்ப மிஷினே பண்ணிடுது. மீதியும் சீக்கிரம் போயிடும்னு சொல்றாங்க. இன்னொரு பக்கம், இனிமே மனுஷனுக்கு வேலையே இருக்காது, எல்லாரும் பாட்டு, படம், கதைன்னு சந்தோஷமா இருக்கலாம்னும் சொல்றாங்க. எது சார் நடக்கும்? நீங்க ஹிஸ்டரி வாத்தியாராச்சே" என்று கேட்டார். குரலில் சிரிப்பு இருந்தது. அதற்குக் கீழே பயமும் இருந்தது. வீட்டுக் கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

வரலாற்று வாத்தியாருக்கு வருங்காலம் தெரியாது. ஆனால் இயந்திரம் வந்து மனிதன் கையிலிருந்த வேலையை வாங்கிக்கொண்டது நம்ம ஊரிலேயே ஒரு முறை நடந்து முடிந்திருக்கிறது. அதில் பாதியை நான் கண்ணாலேயே பார்த்தேன். போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

(எந்த வல்லம், தஞ்சாவூர் வல்லமா, செங்கல்பட்டு வல்லமா என்று கேட்கும் புது உறவுகளுக்கு: செஞ்சிக்கோட்டைப் பக்கத்து வல்லம்.)

இந்தக் கேள்வி புதிதல்ல. நெசவுத் தறியின் நாடா தானாக ஓடுமானால் எஜமானுக்கு அடிமையே தேவைப்படாது என்று அரிஸ்டாட்டில் இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்பே எழுதிவிட்டார். 1930-இல் ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ், நூறு வருடத்தில் நம் பேரப்பிள்ளைகள் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வேலை செய்தால் போதும், மீதி நேரத்தை என்ன செய்வது என்பதுதான் அவர்களுடைய பெரிய கவலையாக இருக்கும் என்றார். அவர் சொன்ன கெடு 2030. இன்னும் சில வருடங்கள்தான் பாக்கி. உங்களில் யாருக்காவது வாரத்துக்குப் பதினைந்து மணி நேர வேலை கிடைத்திருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்!

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

எங்கள் பக்கம் ஆறு கிடையாது என்றே சொல்லலாம். ஏரியும் கிணறும்தான். கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவர இரண்டு வழி. ஒன்று கவலை: இரண்டு மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் இழுபட்டுச் சால் மேலே வரும். இன்னொன்று ஏற்றம்: மேலே மரத்தில் ஆள் முன்னும் பின்னுமாக நடக்க, கீழே ஒருவர் சாலைப் பிடித்துத் தண்ணீரைக் கவிழ்ப்பார். விடியற்காலை இருட்டில் ஆரம்பித்தால் வெயில் ஏறும் வரை நடக்கும்.

அந்த வேலையோடு ஒரு பாட்டு உண்டு. ஏற்றப் பாட்டு. நிறையப் பேர் அதைக் களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடிய பாட்டு என்று மட்டும் நினைக்கிறார்கள். அது ஒரு கணக்கும்கூட. பாட்டில் எண் வரும். ஒரு சாலுக்கு ஓர் அடி. இத்தனை சால் ஆனால் இந்தப் பாத்தி நிறையும், இத்தனை சாலுக்கு ஆள் மாற வேண்டும் என்பதைப் பாட்டே சொல்லிவிடும். கடிகாரமும் கணக்குப் புத்தகமும் இல்லாத இடத்தில் இரண்டு வேலையையும் பாட்டு செய்தது. ஓர் ஏற்றக்காரர் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டுப் போய்விட, அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று தெரியாமல் கம்பரே இரவெல்லாம் தவித்தார் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, அந்தப் பாட்டுக்கு நம் மக்கள் எவ்வளவு மரியாதை கொடுத்தார்கள் என்பது அதில் தெரிகிறது.

நான் நான்காம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் கிணற்றில் மோட்டார் இறங்கியது. அறுபதுகளில் மின்கம்பம் வந்த ஊர்களில் எல்லாம் இதுதான் நடந்தது. அன்றைய சென்னை மாநிலம், பிறகு தமிழ்நாடு, மின்சார பம்புசெட்டில் நாட்டுக்கே முன்னால் நின்றது. மோட்டார் சால் எண்ணாது, ஆள் மாறாது. பாட்டுக்கு வேலை இல்லை. சில வருடங்களில் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு ஏற்றப் பாட்டு என்றால் பாடப்புத்தகத்தில் வருவது என்றாகிவிட்டது.

இப்போது முக்கியமான கேள்வி. ஏற்றம் இறைத்த நேரம் மிச்சமானதே, அது எங்கே போனது?

ஓய்வுக்குப் போகவில்லை. முன்பு ஒரு போகம் விளைந்த நிலத்தில் இரண்டு போகம், மூன்று போகம் என்று ஆனது. கிணறு ஆழமானது, வற்றியது, அதற்குள்ளேயே போர் போட்டார்கள். கடன் வந்தது. மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று பார்த்து, நடுராத்திரி டார்ச் லைட்டோடு கொல்லிக்குப் போய் ஸ்விட்ச் போட்ட விவசாயிகளை உங்களுக்கே தெரியும். உங்களில் பலருடைய அப்பாக்கள் அவர்கள்தான். மாடு தூங்கியது, மனிதன் தூங்கவில்லை.

அது நிலம் இருந்தவர் கதை. நிலம் இல்லாமல் கூலிக்கு ஏற்றம் இறைத்தவருக்கு மிச்சமானது நேரம் அல்ல, வேலையின்மை. பெங்களூரில் கட்டட வேலைக்கும் வெளி மாவட்டங்களில் கரும்பு வெட்டவும் நம் பக்கத்து ஆட்கள் குடும்பத்தோடு கிளம்பிப் போனதை நான் வகுப்பு வருகைப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். ஒரு பையன் பெயருக்கு நேராகத் தொடர்ந்து மூன்று மாதம் 'வரவில்லை' என்று இருக்கும்.

வீட்டுக்குள்ளும் இதே கதை, ஆனால் முடிவு கொஞ்சம் வேறு. எங்கள் ஆயா காலத்தில் நெல்லை உரலில் போட்டு இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். கேழ்வரகுக்குத் திருகை. மாவுக்கு ஆட்டுக்கல். மல்லாட்டை உடைக்கத் தெருப்பெண்கள் எல்லாரும் ஒரு திண்ணையில் கூடுவார்கள். உலக்கைக்கு ஒரு பாட்டு, மல்லாட்டை உடைக்கும்போது விடுகதை, ஊர்க்கதை, புறணி எல்லாம் உண்டு. பிறகு ரைஸ் மில் வந்தது, மாவு மில் வந்தது, மல்லாட்டை உடைக்கவும் மிஷின் வந்தது. 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் உருவாக்கிய கிரைண்டர், 2011-க்குப் பிறகு அரசாங்கத்தின் இலவசத் திட்டத்தில் மிக்ஸி, மின்விசிறியோடு குடிசை வீடு வரை வந்து சேர்ந்தது. இலவசத் தொலைக்காட்சிப் பெட்டி அதற்கு ஐந்து வருடம் முன்பே, 2006-இல், வந்துவிட்டது. வரிசையைக் கவனித்தீர்களா? நேரத்தை வாங்கிக்கொள்கிற பெட்டி முதலில் வந்தது. நேரத்தைக் கொடுக்கிற கிரைண்டர் பின்னால் வந்தது.

ஆனால் உலக்கைப் பாட்டு போனதே என்று நான் அழ மாட்டேன். உலக்கை போட்ட கையின் காய்ப்பை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த வேலை போனதால்தான் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். நான் வேலையில் சேர்ந்தபோது பத்தாம் வகுப்பில் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஓய்வு பெறும்போது பாதி வகுப்பு அவர்கள்தான். இயந்திரம் மட்டும் அதைச் செய்யவில்லை. மதிய உணவு, அரசுப் பள்ளி, பஸ் பாஸ், சைக்கிள் என்று பக்கத்திலேயே வேறு ஏற்பாடுகள் இருந்தன. மிச்சமான நேரத்தைப் பிடித்து வைக்க ஒரு பாத்திரம் இருந்தது.

இந்தப் பாத்திரம் என்ற விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரலாற்றில் அந்தப் பாத்திரம் சும்மா கிடைத்ததே இல்லை. ஆலைத் தொழிலாளிக்கு 1911 சட்டப்படி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை. சென்னை பின்னி ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது முதலில் பேசப்பட்ட குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த அரை மணி நேரம் போதவில்லை என்பது. வாடியாவும் திரு.வி.க.வும் அந்தச் சங்கத்தில் நின்றார்கள். 1922-இல் சட்டம் வாரத்துக்கு 60 மணி என்றது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1934-இல் 54 மணி. 1948-இல் 48 மணி.

அதற்குப் பிறகு? இன்றும் 48தான். கணினி வந்தது, ரோபோ வந்தது, செயற்கை நுண்ணறிவும் வந்தது. முப்பத்தேழு வருடத்தில் இவ்வளவு இறங்கிய கணக்கு, அடுத்த எழுபத்தைந்து வருடத்துக்கு மேலாக அசையவில்லை. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்திலேயே பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறி, எதிர்ப்புக் கிளம்பியதால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. இயந்திரம் நேரத்தை மிச்சப்படுத்தும். அந்த மிச்சம் யாருக்கு என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை. மாணவர் கேட்ட கேள்வியில் பாதிக்கு இதுதான் பதில்.

மீதிப் பாதி: அப்படி ஓய்வு கிடைத்தால் எல்லாரும் கலைஞர் ஆகிவிடுவோமா?

இதற்கும் நம்ம ஊரில் ஒரு பழைய சோதனை இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், வேலை இல்லாத காலம் என்பது எங்கள் பக்கத்தில் வருடா வருடம் வந்தது. தை அறுவடை முடிந்து பங்குனியில் ஏரி வற்றிவிடும். ஆடியில் மழை பெய்து மல்லாட்டை விதைக்கும் வரை நிலத்தில் வேலை கிடையாது. மூன்று நான்கு மாதம். அந்த இடைவெளியில்தான் திரௌபதி அம்மன் திருவிழாவும் தெருக்கூத்தும் வளர்ந்தன.

செஞ்சி இதற்கு எவ்வளவு முக்கியம் என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுதித்தான் நம்மில் பலருக்குத் தெரிந்தது. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி வெளியிட்ட பெரிய நூலின் முதல் தொகுதிக்கு 'செஞ்சியிலிருந்து குருட்சேத்திரம் வரை' என்ற பொருளில் துணைத் தலைப்பு வைத்தார். பழைய செஞ்சி என்று நாம் சொல்கிற மேலச்சேரிக் கோயிலைத்தான் இந்த வழிபாட்டின் மூலக் கோயிலாக நம் பக்கத்து மக்கள் சொல்வதை அவர் விரிவாகப் பதிவு செய்தார்.

விழா நடக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். வெளியூரில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கொடியேற்றிக் காப்புக் கட்டுவார்கள். மத்தியானத்தில் பாரதம் படிப்பார்கள். பிரசங்கி வில்லிபாரதத்தை எடுத்துக்கொண்டு கதை சொல்லுவார். இரவு பத்து மணிக்கு மேல் களரி கட்டும். முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் கேட்டால் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் பாயோடு வந்துவிடுவார்கள். கட்டியக்காரன் அரசனையே கேலி செய்வான். விடியும் வரை ஆட்டம். அர்ச்சுனன் தபசு அன்று வேஷம் கட்டியவர் உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே காத்திருப்பார்கள். கடைசியில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன், படுகளம், தீமிதி.

ஏற்றப் பாட்டு ஐம்பது வருடத்துக்கு முன்பே அடங்கிவிட்டது. கூத்து இன்றும் நடக்கிறது. ஏன் இந்த வித்தியாசம்?

ஏற்றப் பாட்டு வேலையின் முதுகில் ஏறி வந்தது. வேலை போனதும் விழுந்துவிட்டது. கூத்துக்குச் சொந்தக் கால் இருந்தது. அதற்கு நாள் குறிக்கப்பட்டிருந்தது. மனசு வந்தால் நடத்துவோம் என்று யாரும் விடவில்லை. தலைக்கட்டு வரி இருந்தது. ஏழையும் தன் பங்கைக் கொடுத்தார், அதனால் 'எங்க கூத்து' என்று உரிமையோடு உட்கார்ந்தார். வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்து ஜமாவை அழைக்கும் வழக்கம் இருந்தது. கலைஞனுக்குச் சோறு அதில்தான். கற்றுக்கொடுக்க ஒருவர் இருந்தார். அவரையும் வாத்தியார் என்றுதான் அழைப்பார்கள், எங்களைவிடக் கண்டிப்பானவர். சின்னப் பையன் முதலில் தாளம் போடுவான், பின்பாட்டுப் பாடுவான், சின்ன வேஷம் கட்டுவான், பத்துப் பதினைந்து வருடம் கழித்துத்தான் கர்ணன் வேஷம் கிடைக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். பார்க்கிறவனுக்கு அது ஓய்வு; ஆடுகிறவனுக்குக் கடுமையான வேலை. கட்டை கட்டி, கிரீடம் வைத்து, எட்டு மணி நேரம் தொண்டை கிழியப் பாடி ஆடுவது ஏற்றம் இறைப்பதற்குக் குறைந்த உழைப்பல்ல. ஆகவே வேலை இல்லாத காலத்தில் நம் முன்னோர்கள் சும்மா இருக்கவில்லை. தாங்களே ஒரு வேலையை உண்டாக்கிக்கொண்டார்கள், வயிற்றுக்காக மட்டும் இல்லாத வேலை.

"இப்ப மிஷினே பாட்டு எழுதுது, படம் வரையுது, அப்புறம் மனுஷன் எதுக்கு சார்?" என்று அடுத்த கேள்வி வரும். கூத்து இதையும் ஒரு முறை சந்தித்துவிட்டது. 1931-இல் 'காளிதாஸ்' பேசும் படமாக வந்தது. கூத்துக்காரனைவிட அழகான முகம், இனிமையான குரல், குறைந்த காசு, மூன்று மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். நம் ராஜா தேசிங்கே 1960-இல் எம்.ஜி.ஆர். உருவத்தில் திரைக்கு வந்துவிட்டார். கூத்து அடிபட்டது, உண்மைதான். ஆனால் சாகவில்லை. துகில் உரியும் இரவில் அழுகிற கிழவிக்கு அதைவிட நல்ல நடிப்பு தேவைப்படவில்லை. தன் ஊர், தன் வரி, தன் வேண்டுதல், அவளுக்குத் தெரிந்த ஒருவரின் மகன் கட்டிய வேஷம். அதை எந்தக் கொட்டகையும் கொடுக்க முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். வேலை இல்லாத அந்த மாதங்கள் குதிரில் நெல் இருந்தவனுக்குத்தான் திருவிழா, இல்லாதவனுக்குப் பட்டினி. கோட்டைக்குள் ராஜகிரி அடிவாரத்தில் இருக்கிற பெரிய நெற்களஞ்சியத்தைச் சுற்றுலா போகும்போது காட்டியிருக்கிறேன், ஞாபகம் இருக்கும். அது கோட்டைக்குள் இருந்தவர்களுக்காகக் கட்டியது. படியாளாக இருந்தவர்களுக்கு நேரமே சொந்தமில்லை. 2006-இல் நூறு நாள் வேலைத் திட்டம் முதல் கட்டத்திலேயே விழுப்புரம் மாவட்டத்துக்கு வந்ததற்குக் காரணம் நாம் அந்த அளவுக்குப் பின்தங்கியிருந்தோம் என்பதுதான். வயிறு நிறையாமல் ஓய்வு என்று பேசுவது கேலி. எதிர்காலத்தில் இயந்திரம் உழைக்கும் என்றால், அதன் விளைச்சல் எல்லார் வீட்டுக் குதிருக்கும் வர வேண்டும். அது முதல் பாடம்.

கூத்துக்களமும் எல்லாருக்கும் சமமாக இல்லை. பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டினார்கள். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பெ. இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில்தான் பெண் பிள்ளைகள் பள்ளிப் படிப்போடு சேர்த்து முறையாகக் கட்டைக்கூத்து படித்தார்கள். சாதியும் களத்தில் உட்கார்ந்திருந்தது, இன்னும் எழுந்து போகவில்லை. 2023 ஜூனில் நம் மாவட்டத்து மேல்பாதியில், தலித் மக்களைத் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் விடவில்லை என்ற தகராறில் கோயிலுக்கே சீல் வைக்க வேண்டியதாயிற்று. சபையில் அவமானப்பட்ட ஒருத்திக்காக ஊரே அழுகிற விழா, அந்த விழாவின் வாசலில் இன்னொருவருக்கு அவமானம். எல்லாருக்கும் இடமில்லாத ஓய்வு, ஓய்வு அல்ல, சிலருடைய சௌகரியம்.

இனி, போன் செய்த மாணவருக்கு நேராகச் சொல்கிறேன். தம்பி, வேலை முழுக்கப் போய்விடும் என்று நான் நம்பவில்லை, குறையும், மாறும். உன் கம்பெனியில் மிஷின் மிச்சப்படுத்தும் நேரம் சம்பளத்தோடு உன்னிடம் வருமா, சம்பளம் இல்லாமல் வருமா என்பதுதான் உன் முன்னால் இருக்கும் கேள்வி. அதைத் தனியாக நின்று கேட்காதே. பின்னி ஆலைக்காரர்கள் கேட்ட மாதிரி நாலு பேரோடு சேர்ந்து கேள். இரண்டாவது, நேரம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே. நேரம் கிடைத்த அன்றே அதைச் சாப்பிட வேறு பெட்டி தயாராக நிற்கும். இப்போது அது உன் சட்டைப் பையிலேயே இருக்கிறது. வாரத்தில் ஒரு நாளைக் குறி. எதையாவது ஒரு வாத்தியாரிடம் முறையாகக் கற்றுக்கொள், மிருதங்கமோ தச்சோ எதுவானாலும் சரி. அது சுலபமாக வரக் கூடாது. உன் பங்குக்கு நாலு பேர் காத்திருக்கிற மாதிரி ஒரு கூட்டத்தில் சேர்.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களை அவரவர் கிராமத்துக்கு அனுப்பி, ஊரில் யார் என்ன வேலை செய்கிறார்கள், என்ன கூலி வாங்குகிறார்கள் என்று எழுதி வரச் சொன்னார். 1918-இல் அது புத்தகமாக வந்தது. நம் மாவட்டத்து இருவேல்பட்டும் அதில் இருக்கிறது. அதே ஊரைப் பிற்கால அறிஞர்கள் 2008 வரை திரும்பத் திரும்ப வந்து ஆராய்ந்தார்கள். படியாள் முறை எப்படித் தேய்ந்தது என்று நமக்குத் தெரிவது அந்த மாணவர்கள் எழுதி வைத்ததால்தான்.

நீங்களும் எழுதுங்கள். வீட்டில் எழுபது வயது தாண்டியவர் யார் இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வேலையை இயந்திரம் உங்களிடமிருந்து வாங்கியது? அந்த நேரம் எதில் போனது? அந்த வேலையில் பாடிய பாட்டு ஏதாவது நினைவிருக்கிறதா? இருந்தால் அவர் குரலிலேயே பதிவு செய்து வையுங்கள். எங்கள் ஆயா பாடியதை நான் எழுதி வைத்திருக்கிறேன். மெட்டு காகிதத்தில் வரவில்லை.

மேலச்சேரிப் பக்கம் இந்த வருடம் கூத்து எப்போது என்று தெரிந்தவர்கள் நாளைச் சொல்லுங்கள். வெளியூர்ப் பிள்ளைகள் லீவு போட்டுவிட்டு வாருங்கள், விடியும் வரை உட்காரலாம். பாய் நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
வல்லம்.